எஸ்தர் அக்காவின் மாம்பழப் பெட்டிகள்

கம்பெனியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கை கழுவப் போகும்போது, கேட்டில் யாரோ என்னைத் தேடுவதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் எஸ்தர் அக்காவின் அண்ணன், தாஸ் அண்ணன். சைக்கிளை ஸ்டாண்டு கூடப் போடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "எஸ்தரு போய்ட்டாம்மா" என்றார். தான்சானியாவிலேயே காய்ச்சலில் முடிந்துவிட்டது. அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ரெஹமா என்ற பெண்தான் கடைசிவரை கூட இருந்தாராம். ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவர் முகத்தை நாம் ஒருவரும் பார்க்க முடியவில்லை. அக்காவுக்காக இங்கே வைத்த ஜெபக்கூட்டத்தில் நானும் பேச எழுந்தேன், வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். தெரிந்த மட்டும் எழுதுகிறேன். அக்காவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷூ கம்பெனியில் எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். என் தையல் கோணினால், சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் அக்கா பிரித்துக் கொடுத்துவிடுவார். அவர் வீட்டுக்காரர் தோல் பதனிடுவதில் கைதேர்ந்தவர். தொண்ணூறுகளில் தான்சானியாவில் ஒரு தோல் ஷெட்டில் வேலை கிடைத்து இருவரும் போனார்கள். சில வருஷத்தில் ஷெட்டை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாளில் வீட்டுக்காரரும் நெஞ்சுவலியில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணன்மார் வந்துவிடச் சொன்னார்கள்.

அப்போது அக்கா எனக்குப் போன் செய்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வந்து இன்னா பண்றது செல்வி? அண்ணி சமைக்க நான் வெங்காயம் உரிச்சிக் குடுத்துகினு ஒக்காந்திருக்கணும். இங்க மாம்பழம் மரத்தடியில அழுகுது, வெயிலும் ஜாஸ்தி. காயவெச்சி விக்கலாம். நீ வர்றியா?" அம்மாவைத் தங்கை பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் போனேன்.

தோலை விரித்துக் கட்டிக் காயவைக்கும் சட்டம் நமக்குத் தெரிந்ததுதான். அதேபோல் மரச்சட்டம் அடித்து, வலை கட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்த பெட்டிக்குள் வைத்து, மேலே கண்ணாடி போட்டார் அக்கா. ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு சின்ன ஃபேன். கரண்டை நம்ப முடியாத ஊர் என்பதால் அதை ஓட்ட ஒரு சோலார் பலகை.

முதல் தடவை நாங்கள் செய்த தப்பை ஆம்பூர்க்காரர்கள்தான் செய்வார்கள். பச்சைத்தோல் வந்து இறங்கியதும் உப்பு போட்டுப் பழகிய ஊர் நம் ஊர். வீட்டில் மாங்காய் வற்றலுக்கும் உப்புதான். கெடக்கூடாது என்று பழுத்த மாம்பழத்துக்கும் அள்ளிப் போட்டோம். ரெஹமாவுக்கு ஒரு துண்டு கொடுத்தோம். அவர் வாயில் போட்டு, எங்களை மாறி மாறிப் பார்த்து, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். அக்கா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். "ஆட்டுத்தோலுன்னு நெனச்சிட்டோம்டி." ரெஹமாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். அன்றிலிருந்து அவரும் எங்களோடு பழம் நறுக்க வந்தார்.

உப்பில்லாமல் போட்டது நன்றாக வந்தது. டவுனில் ஒரு கடைக்காரர் நிறையக் கேட்டார். நறுக்கி அடுக்கிய அன்றே வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லை, அதனால் ஃபேனும் இல்லை. அடுத்த நாள் இடையில் சுள்ளென்று வெயில் அடித்தபோது, தட்டுகளைத் தூக்கித் தகரக் கூரைமேல் பரப்பினோம். சீக்கிரமே மேலெல்லாம் மொறமொறப்பாகிவிட்டது. அக்கா ஒரு துண்டைக் கிழித்து, உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஜில்லுனு இருக்குது. மேலாக்கதான் காஞ்சிருக்கு."

"கடைக்காரனுக்கு இன்னாக்கா தெரியப்போவுது?"

"தோலா இருந்தா திருப்பி அனுப்பிடுவான். இது புள்ளங்க வவுத்துக்குப் போறதுடி."

ஒரு நாள் முழுக்க ஈரமாகவே கிடந்ததில் உள்ளே புளித்தும் விட்டிருந்தது. அத்தனையும் குழியில் கொட்டினோம். கடைக்காரர் அப்புறம் எங்களைக் கூப்பிடவே இல்லை. அந்த வாரம் தாஸ் அண்ணன் போன் செய்து, "பேஜார் பண்ணாம கெளம்பி வா" என்றார். "அடுத்த சீசனும் பாத்துட்டு வர்றேண்ணா" என்று சொல்லிப் போனை வைத்தார் அக்கா. பிறகு பெட்டி மேல் தலையைச் சாய்த்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மா படுத்த படுக்கையானதும் நான் திரும்பி வந்தேன். ஏர்போர்ட்டுக்குப் போக பஸ் ஏற்றிவிடும்போது அக்கா சொன்னார்: "வெயிலு இன்னா நம்ம வூட்டு வேலையாளா, கூப்ட்டா வர்றதுக்கு? அது வர்றப்ப நாம தயாரா இருக்கணும், அவ்ளோதான்." அதற்குப் பிறகு ஒரு வருஷம் நன்றாக ஓடும், ஒரு வருஷத்தை மழை கொண்டுபோகும். தொழில் காலூன்றிவிட்டது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. வந்துவிடுகிறேன் என்றும் சொன்னதில்லை.

ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு தாஸ் அண்ணன் என்னை நிறுத்தினார். "அந்தப் பொட்டிங்க, பலக எல்லாத்தையும் வித்துடலாம்னு வூட்ல சொல்றாங்க. நீ கூட இருந்தவ, நீ இன்னா சொல்ற?"

"ரெஹமாகிட்ட விட்டுடுங்கண்ணா."

"யாரோ ஒருத்திக்காம்மா?"

"அக்காவுக்குக் கடைசித் தண்ணி குடுத்தவங்கண்ணா அவங்க. நம்மள்ல யாரு போனோம்?"

அண்ணன் செல்போனில் நம்பரைப் போட்டு, "நீயே சொல்லிடு" என்று என் கையில் கொடுத்தார். ரெஹமாவின் பாஷையில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம் வார்த்தைகள். துக்கம் விசாரிக்கும் வார்த்தை அதில் இல்லை. "ஜுவா?" என்று கேட்டேன். வெயில் இருக்கிறதா என்று அர்த்தம். இருக்கிறது என்று அழுதபடியே சொன்னார். பெட்டி, பழம், நீ என்று தெரிந்த வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு எஸ்தர், எஸ்தர் என்று அக்கா பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் அவர் தனியாக என்ன செய்யப்போகிறாரோ, எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடமிருந்து பொருளாக என்னிடம் எதுவும் இல்லை. ஒரு பழக்கம்தான் இருக்கிறது. இந்த வெயிலுக்கு மாடியில் மாங்காய் வற்றல் போட்டிருக்கிறேன். டப்பாவில் போட்டு மூடுவதற்கு முன் ஒன்றைக் கிழித்து, உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். நேற்று ஜில்லென்று இருந்தது. எல்லாவற்றையும் திரும்ப வெயிலில் பரப்பிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.