பேட்ஜ் சேர்ப்போர் சங்கம்

பாதுகாப்பு வாரத்தின் முதல் நாள் காலையில் சூப்பர்வைசர் கம்பெனி வாசலில் நின்று, உள்ளே போகும் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு பச்சை வட்ட பேட்ஜைக் குத்திவிட்டார். அதில் ஹெல்மெட் போட்ட ஒரு முகமும் ‘பாதுகாப்பே முதலில்’ என்ற எழுத்தும் இருந்தன. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியதும் எல்லோரும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். சீட்டுக்கு அடியிலும் படிக்கட்டிலும் ஜன்னல் இடுக்கிலும் பச்சைப் பச்சையாகக் கிடந்தன. மண்ணூரில் நான் இறங்கும்போது என் சாப்பாட்டுப் பையில் பதினேழு பேட்ஜ்கள் இருந்தன. ஏன் பொறுக்கினேன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். யாரும் கேட்கவும் இல்லை.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமா முடித்து வந்து, கார்களுக்கு முன்விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். மண்ணூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையில் தங்கினேன். கூடத் தங்கியவருக்கு வேறு கம்பெனி, எனக்கு நேர் எதிரான ஷிப்ட். நான் வரும்போது அவர் கிளம்பியிருப்பார். சுருட்டி வைத்த பாயையும் கொடியில் கிடக்கும் ஈரத்துண்டையும் பார்த்துத்தான் அவர் வந்து போனது தெரியும். அவருடைய முகத்தைவிட அவர் சோப்பின் வாசனை எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

எனக்கு வார லீவு புதன்கிழமை. எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நாளில் நான் மட்டும் சும்மா இருப்பேன். ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்க் கோயிலைச் சுற்றுவேன், பிறகு பஸ் ஸ்டாண்டைச் சுற்றுவேன். அப்படி நடந்த ஒரு புதன்கிழமைதான் குன்றத்தூர் ரோட்டில் இருந்த காயலாங்கடையில், ஆணி, திருகு போட்டு வைக்கும் தகர டப்பாவுக்குள் ஒரு பழைய பேட்ஜைப் பார்த்தேன். ஏதோ கோயில் தேர்த் திருவிழாவின் ‘தொண்டர்’ பேட்ஜ். காகிதத்துக்கு அடியிலிருந்து துரு கிளம்பித் தேரின் பாதியைத் தின்றிருந்தது. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தது. பின்னால் ஊசி மட்டும் இன்னும் சுருக்கென்று குத்தியது.

“இத்த எடுத்துகினு போய் இன்னா பண்ணுவ?” என்றார் கடைக்காரர்.

“சும்மா வச்சிருப்பேண்ணே.”

“வச்சிக்க. எனுக்கு எடைக்குக்கூட ஆவாது அது.”

அதற்குப் பிறகு என் புதன்கிழமைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. அவர் எனக்காக ஒரு டப்பா ஒதுக்கி வைத்தார். தேர்தல் சின்னம் போட்டவை, முகம் அழிந்துபோன நடிகரின் ரசிகர் மன்றத்துடையவை, ஒரு டீத்தூள் கம்பெனியுடையது, எண் பொறித்த பழைய பித்தளை கண்டக்டர் பேட்ஜ் ஒன்று. அறைக்குக் கொண்டுவந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் தேய்ப்பேன். காகிதத்துக்குள் ஈரம் போய்விடாமல் ஓரத்தோடு தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்ததும், கிழிந்துபோன என் யூனிபார்ம் சட்டையில் வரிசையாகக் குத்தி ஆணியில் மாட்டிவிட்டு, பாயில் படுத்துக்கொண்டு பார்ப்பேன். இதெல்லாம் யார் சட்டையில் இருந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக யோசிப்பேன். சாயங்காலம் அப்படியே போய்விடும்.

ஒருநாள் டப்பா காலியாக இருந்தது.

“ஞாயித்துக்கெயம ஒருத்தர் வந்தாரு. அவுரும் இத்தயேதான் கேட்டாரு. குட்த்துட்டேன்” என்றார் கடைக்காரர்.

எனக்குக் கோபம் வந்தது. அறைக்குத் திரும்பும் வழியில் அந்தக் கோபம் வேறு மாதிரி ஆகிவிட்டது. இந்தத் துருப்பிடித்த சாமானைத் தேடி இன்னோர் ஆள் அலைகிறார். அடுத்த புதன்கிழமை, என்னிடம் இரண்டாக இருந்த ‘வகுப்புத் தலைவன்’ பேட்ஜில் ஒன்றைத் தீப்பெட்டிக்குள் வைத்து, அவரிடம் கொடுக்கச் சொல்லி வந்தேன். மறு வாரம் அதே தீப்பெட்டிக்குள் வேறொரு பேட்ஜ் இருந்தது. கூட ஒரு பஸ் டிக்கெட். அதன் பின்பக்கம் சாய்ந்த எழுத்தில், ‘வகுப்புத் தலைவன் என்னிடம் நிறைய உண்டு. ஆனாலும் நன்றி’ என்று எழுதியிருந்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்தத் தீப்பெட்டி போய்வந்தது. பேட்ஜைப் பற்றி மட்டுமே எழுதிக்கொள்வோம். ‘ஊசி உடைந்தால் தையல் ஊசியை வளைத்து வைக்கலாம்’ என்று அவர் எழுதுவார். ‘இதில் உள்ள மாநாடு எந்த ஊரில் நடந்தது, தெரியுமா?’ என்று நான் கேட்பேன். வாரம் முழுக்க லைனில் விளக்குக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டே அடுத்த துண்டுச்சீட்டில் என்ன எழுதலாம் என்று வார்த்தை தேடுவேன்.

“அவுக எப்படி இருப்பாகண்ணே?” என்று ஒருதடவை கேட்டேன்.

“மன்சன் மாரிதான் கீறாரு” என்றார் கடைக்காரர்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோவில், கையால் அழுத்தி பேட்ஜ் செய்யும் மிஷின் இருந்தது. தகரத் தட்டு, அச்சடித்த காகிதம், மேலே கண்ணாடித்தாள், மூன்றையும் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் வட்டமாக வந்து விழும். ஒரு புதன்கிழமை அங்கே போய், பச்சைக் கரை வைத்து, ‘பேட்ஜ் சேர்ப்போர் சங்கம் – உறுப்பினர்’ என்று போட்டு, ஒன்றில் ஒன்று என்றும் மற்றொன்றில் இரண்டு என்றும் எண் போடச் சொன்னேன்.

“மொத்தம் எத்தினி பேரு?”

“ரெண்டு பேரு.”

“ரெண்டு பேருக்குச் சங்கமா?” என்றார் ஸ்டூடியோக்காரர். ஆனால் செய்து கொடுத்தார்.

ஒன்றாம் எண்ணைத் தீப்பெட்டியில் வைத்தேன். அடுத்த வாரம் கடைக்காரர், “சட்டையில குத்திகினேதான் போனாரு” என்று சொன்னபோது வந்ததைப் போல ஒரு சந்தோஷம், சாத்தூரை விட்டு வந்த பிறகு எனக்கு வந்ததில்லை. அதோடு நான் நின்றிருக்கலாம்.

லீவு நாளை ஒருவரோடு மாற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போனேன். பத்து மணிக்கு மொபெட்டில் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. குன்றத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை.

“நீங்கதானா? என் வயசு இருக்கும்னு நெனச்சேன்” என்றார். நானும் என் வயதுக்காரரைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு வருஷம் கழித்துப்போடும் லீடர் பேட்ஜ்களெல்லாம் தன் மேஜை டிராயரில்தான் இருக்கின்றன என்றார்.

“வூட்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா சிரிப்பாங்க.”

அந்தப் பேச்சு ஒரு டீயோடு தீர்ந்துபோனது. சீட்டில் அத்தனை எழுதிய இரண்டு பேரும் ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, எல்லோரும் கேட்பதை அவரும் கேட்டார்.

“எந்தக் கம்பெனி? பர்மனென்டா?”

“பர்மனென்ட்தான்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். டிரெய்னி என்று சொன்னால் அவர் முகத்தில் ஒன்று மாறும் என்று பயந்தேன். வேறு பல முகங்களில் அதைப் பார்த்திருந்தேன். ஆனால் அவர் முகம் வேறு விதமாக மாறியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எங்க மாப்ள ஆறு மாசமா வேல இல்லாம வூட்ல குந்திகினு கீறாரு. பொண்ணும் கொயந்தைங்களும் எங்ககூடத்தான் கீறாங்க. உங்க கம்பெனில ஒரு வார்த்த சொல்லி வைக்க முடியுமா?”

“பாக்குறேன் சார்.”

அடுத்த புதன்கிழமை தீப்பெட்டி இல்லை. பழுப்புக் கவர் ஒன்று இருந்தது. உள்ளே மருமகனின் பயோடேட்டா, சர்டிபிகேட் நகல்கள், ஒரு போட்டோ. கூடவே சாய்ந்த எழுத்தில், ‘உங்களை நம்பித்தான்’ என்று ஒரு வரி. எனக்கே மூன்று வருட டிரெய்னிங் முடியும் கட்டம். எங்கள் கூட்டத்தில் யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை அனுப்புவார்கள் என்று எங்களுக்கே தெரியாது. அந்தக் கவரை என் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். புதன்கிழமைகளில் அறையிலேயே படுத்திருந்தேன்.

டிரெய்னிங் முடிந்ததும் என்னை அனுப்பிவிட்டார்கள். ஊருக்குக் கிளம்பிய சனிக்கிழமை காலையில் கவரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“எங்க போய்ட்ட? அவுரு நாலஞ்சு தபா வந்து கேட்டுட்டாரு. ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு ரொம்ப பயந்துட்டாரு” என்றார் கடைக்காரர்.

அங்கேயே நின்று ஒரு முழுத்தாளில் எழுதினேன். நான் பர்மனென்ட் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று. அதைக் கவரோடு வைத்து, என்னிடம் இருந்ததிலேயே நல்லதான பித்தளை கண்டக்டர் பேட்ஜையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு நாள் இருந்து மறுநாள் அவரையே பார்த்திருக்கலாம். பஸ் ஏறிவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரகடம் பக்கம் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துத் திரும்பி வந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே பர்மனென்ட். முதல் ஞாயிற்றுக்கிழமையே காயலாங்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நரைத்திருந்தது. அடையாளம் கண்டுகொண்டார்.

“குட்த்தேன்பா. அந்த ஸ்டூல்ல குந்திகினு படிச்சாரு. ரெண்டு தபா படிச்சாரு.”

“ஏதும் சொன்னாகளா?”

“இல்ல. டீ சொல்லட்டான்னு கேட்டேன், வாணாம்ட்டாரு. எல்லாத்தியும் எடுத்துகினு போனாரு. அதுக்கப்புறம் வர்ல.”

அன்றைக்கே குன்றத்தூருக்கு பஸ் ஏறினேன். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாததும், பயோடேட்டாவில் இருந்த விலாசத்தைக் குறித்துக்கொள்ளாமல் கவரைக் கொடுத்துவிட்டதும் அப்போதுதான் உறைத்தன. ஞாயிறு என்பதால் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தன. மலைக்கோயில் படிகளில் கூட்டம். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் யார் இறங்கி வந்தாலும் முகத்தைப் பார்த்தேன். வெயில் ஏறிய பிறகு கீழே வந்து, ஒரு கடையில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். பிறகு வேலை நாள் ஒன்றில் லீவு போட்டு வந்து ஒவ்வொரு பள்ளிக்கூடமாக விசாரித்திருக்கலாம். போகவில்லை. அவரைக் கண்டால் என்ன சொல்வது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.