உதட்டில் பாதி

எங்கள் சந்துக்கு வருகிற காகிதம் எதுவானாலும் என் கைக்கு வந்துவிடும். ரேஷன் அட்டைத் திருத்தம், கீழ்வீட்டுக்கு வந்த கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில் கொடுத்த கடிதம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மண்ணூர்பேட்டையில் எங்கள் சந்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண்ணும் நான்தான். எந்தக் காகிதத்தையும் படித்து இரண்டு வரியில் சொல்லிவிடுவேன். தெரியவில்லை என்று சொன்னதே இல்லை.

கடைசிக் கடைவாய்ப்பல் படுத்த வாக்கில் முளைத்து என் கன்னம் வீங்கியபோது, அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பல் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் முதலில் தமிழில்தான் கேட்டார், எத்தனை நாளாக வலி என்று. நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் தமிழுக்குத் திரும்பவில்லை. எக்ஸ்ரேயில் பல்லின் வேரை ஒட்டி ஓடிய ஒரு கறுப்புத் தடத்தைப் பேனாவால் காட்டி வேகமாக விளக்கினார். அது நரம்பு என்பது வரை புரிந்தது. மீதிக்குத் தலையாட்டினேன்.

பிறகு நர்ஸ், பல்லை எடுக்கச் சம்மதம் கேட்கும் இரண்டு பக்க இங்கிலீஷ் தாளையும் பேனாவையும் நீட்டினார். நடுவில் ஒரு நீளமான வார்த்தை. நான் அதை எங்கும் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிக்கொள்ளலாம் என்று தோன்றியது. எதற்காக அப்படித் தோன்றியது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி எழுதிக்கீது?"

"எல்லாருக்கும் குடுக்கிற பேப்பர்தாம்மா. ஒண்ணும் இல்ல."

கையெழுத்துப் போட்டேன்.

பல்லை எடுத்தபோது வலிக்கவில்லை. தாடையை யாரோ மிதிப்பது போல இருந்தது, அவ்வளவுதான். குழப்பமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு. எச்சில் துப்பக் கூடாது என்று அவர்கள் கொடுத்த தாளில் இருந்தது. ரத்தத்தை விழுங்கவே கூடாது, துப்பு என்றாள் அம்மா. ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று நான் படித்துக் காட்டியதும், புண்ணை வைத்துக்கொண்டு ஐஸா என்று முனகினாள். ஆனாலும் நான் படித்துச் சொன்னதாயிற்றே என்று போய் வாங்கி வந்தாள். முதல் நாள் ஐஸ் ஒத்தடம், மறுநாள் வெந்நீர் ஒத்தடம். அந்த முதல் நாள் பல் எடுத்த நேரத்தோடு முடிகிறதா, விடிந்தால் முடிகிறதா? ஒரே தாளை நாலு முறை படித்தேன்.

சாயங்காலம் மரத்துப்போக போட்ட ஊசி தெளிந்து நாக்கில் உணர்ச்சி வந்தது. கன்னத்திலும் வந்தது. கீழுதட்டின் இடப்பக்கத்தில் மட்டும் வரவில்லை. மறுநாள் காலையில் ரவைக் கஞ்சி குடித்தேன். தாடையில் வழிந்தது எனக்குத் தெரியவே இல்லை. அம்மா முந்தானையால் துடைத்தாள்.

"இன்னாடி, கொயந்த மாரி வயியவுட்டுக்கினு கீற?"

"வீக்கம்மா" என்றேன்.

அடுத்தடுத்த நாட்களில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று அந்த இடத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். வேறு யாருடைய உதட்டையோ கிள்ளுவது போல இருந்தது. போனில் தேடினால், இரண்டு வாரத்தில் சரியாகும், ஆறு மாதம் ஆகலாம், சிலருக்குத் திரும்பாமலே போகும் என்று மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தன. மூன்றும் புரிந்தன. அதில் நான் எது என்பதுதான் புரியவில்லை. அம்மாவிடம் சொன்னால், அன்று தாளில் இதைப் பற்றி எதுவுமே இல்லையா என்று கேட்பாள். அதனால் சொல்லவில்லை.

ஏழாம் நாள் தையல் பிரிக்கப் போனோம். பிரித்து முடித்ததும் நான் எழுந்தேன். அம்மா எழவில்லை.

"டாக்டர், கஞ்சி குட்ச்சா ஒரு பக்கமா வயியுது, இவளுக்கே தெரில. கேட்டா வீக்கம்ன்றா. வீக்கம்தான் வடிஞ்சிபோச்சே?"

டாக்டர் என்னை மறுபடி உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். தொடுகிறாரா என்பதே எனக்குத் தெரியவில்லை.

"இப்டி ஆகலாம்னு முன்னாடியே சொன்னேனேம்மா. ஃபார்ம்லயும் இருந்துது. படிச்சீங்கல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவ எல்லாம் படிப்பா டாக்டர். எங்க சந்துக்கே அவதான் படிச்சி சொல்றா."

அவள் அதைச் சொன்ன விதத்தில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"படிச்சேன் டாக்டர். புரியல. அன்னிக்கி நீங்க இங்கிலீஷ்ல சொன்னதும் புரியல. தமிழ்ல சொல்லுங்க."

அவர் எக்ஸ்ரேயை மறுபடி எடுத்தார். பல்லின் வேர் நரம்பின் மேலேயே கிடந்தது, எடுக்கும்போது நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை என்றார். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பிவிடும், குறுகுறுப்பு வந்தால் நல்ல அறிகுறி, அதுவரை சூடாக எதையும் அந்தப் பக்கம் வைக்க வேண்டாம் என்றார். திரும்பாமலே போகுமா என்று கேட்டேன். சிலருக்குப் போகலாம், உங்களுக்கு எப்படி என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். அம்மாவும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் கேட்க நினைத்துக் கேட்காத எல்லாவற்றையும் கேட்டாள்.

ஷேர் ஆட்டோ கம்பெனிகள் இருக்கும் எஸ்டேட்டைத் தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள்.

"அன்னிக்கி ஒண்ணும் இல்லன்ன."

"ஆமா."

"கம்பெனில குட்த்த கடுதாசிக்கும் ஒண்ணும் இல்லன்னு சொன்ன. அதாச்சும் புரிஞ்சிதா?"

ஆட்டோவில் எதிரே இருந்தவர் என்னைப் பார்த்தார். உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இன்னும் மரத்துத்தான் இருந்தது.

"ஊட்டுக்குப் போனதும் அத எட்த்துக் குடும்மா" என்றேன். "இன்னொரு வாட்டி பாக்கறேன்."