பாடல்: குமாரி பிலோமினா

போன சனிக்கிழமை புஞ்சாக் ஆலாமில் ஒரு வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, வயதான அம்மாள் ஒருவரிடம் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால்... இன்னும் முகம் சுடுகிறது.

என் பித்து உங்களுக்குத் தெரியும். பழைய பொதுவிழாக்களின் நினைவு மலர்களைச் சேர்ப்பவன் நான். வெறும் மலர் போதாது – மேடையேறியவர்களின் கையெழுத்தும் வேண்டும். பள்ளி ஆண்டு நிறைவு, கோயில் குடமுழுக்கு, தேவாலயப் பொன்விழா... எதையும் விடுவதில்லை.

அவற்றில் எனக்கு உயிரானது ஒன்று. நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா நாளில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நடந்த கொண்டாட்டத்தின் மலர். கொடியேற்றிய துரை, பேசியவர், நாடகம் போட்டவர் – எல்லோரும் நிகழ்ச்சி நிரலில் தத்தம் பெயருக்குப் பக்கத்தில் அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஓர் இடம்தான் காலி. ‘பாடல்: குமாரி பிலோமினா.’

ஏன் காலி? நான் யோசித்ததே இல்லை.

அந்தப் பிலோமினா தன் மகளோடு புஞ்சாக் ஆலாமில் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். ரவாங்கிலிருந்து காரைக் கிளப்பிவிட்டேன்.

மலரைப் பார்த்ததும் மகள் ஸ்டெல்லா துள்ளிக் குதித்தார்.

“அம்மா, மெர்டேக்காவுக்கு நீங்க பாடுனீங்களா? ஒரு நாள்கூட சொல்லலையேமா!” என்று கைப்பேசியில் வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டார்.

பிலோமினா அம்மா மலரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“பேரு போட்டுட்டாங்க. ஆனா நான் பாடல, தம்பி.”

ஸ்டெல்லாவின் கை மெல்லத் தாழ்ந்தது.

“தோட்டத்து ஆபீஸ்ல பெரிய கிராணியோட தங்கச்சி மக கிள்ளான்லேருந்து வந்திருக்கு, அது பாடட்டும், ஒன் பிள்ளைக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு வேலை வாங்குற மண்டோரு வந்து எங்கம்மாகிட்ட சொல்லிட்டாரு. அம்மா பால் மரம் வெட்டுற ஆளு... எதுத்துப் பேச முடியுமா? புதுக் கவுனப் போட்டுக்கிட்டு மேடைக்குப் பின்னால நின்னேன். எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன்.”

நிகழ்ச்சி நிரல் விழாவுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. நடக்க வேண்டியதுதான் அதில் இருக்கும், நடந்தது இருக்காது. இத்தனை மலர்களைச் சேர்த்தவனுக்கு இது உறைக்க வேண்டாமா?

சரி, அப்போதாவது மனிதனாக நடந்துகொண்டேனா? பேனாவை நீட்டினேன்!

“அதனால என்னம்மா? பேரு அச்சுல இருக்குல்ல. நீங்க ஒரு கையெழுத்து போட்டா செட் முழுசாயிடும்.”

செட்... அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

அவர் பேனாவை வாங்கி, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதித் தந்தார்.

‘பாடவில்லை – பிலோமினா.’

உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு முதலில் தோன்றியது இரக்கமல்ல. ‘ஐயோ, பக்கம் போச்சே!’ என்பதுதான். முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

“கெடுத்துட்டேனா, தம்பி?” என்று கேட்டார்.

“சேச்சே, இல்லம்மா...” என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

ஸ்டெல்லா கேட் வரை வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“தப்பா நெனைக்காதீங்கலா சார். அம்மா இத்தன வருசமா எங்ககிட்டயே சொல்லாத விசயம் இது. நீங்க மலரத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அது என்ன பாட்டுன்னாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

உடனே திரும்பி உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. கூச்சம். காரில் ஏறி, வாங்கிய கையெழுத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். அவர் போனை அம்மாவிடம் கொடுத்தார்.

“மன்னிச்சிடுங்கம்மா. நேத்தே கேட்டிருக்கணும்... அன்னிக்கு நீங்க என்ன பாட்டு பாட இருந்தீங்க?”



“எதுக்கு தம்பி? அதையும் சேத்து வைக்கவா?”

கோபமே இல்லாமல்தான் கேட்டார்.