இன்ஜினுக்குள் போகாத தண்ணீர்

வெள்ளத்தில் வண்டியை இறக்கி இன்ஜினைக் கெடுத்தது நாங்கள்தான், அதனால் வாரண்டி கிடையாது என்று கார் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சர்வீஸ் நிலையத்தில் எழுதிய தாளின் நகலும் கூடவே இருந்தது. எல்லாம் ஆங்கிலம். என் மனைவியின் காரில் தினமும் போய்வரும் கணக்கு டீச்சர்தான் படித்துச் சொன்னார். ஓரிடத்தில் நிறுத்தி, “அக்கா, டிரைவரோட கவனக்குறைவுன்னு போட்டிருக்காங்க. கீழ நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றார்.

டிரைவர் என் மனைவிதான். எனக்கு சைக்கிள் மட்டும் ஓட்டத் தெரியும். அவள் நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டப் பழகி, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவள். இருபது வருஷம் தைத்த தையல் மெஷினைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, மகளிர் குழுவில் கடன் போட்டு, வாடகைக்கு ஓட்ட மஞ்சள் நம்பர் பலகை வைத்த புது கார் எடுத்தாள். மன்னார்குடியிலிருந்து நாலு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு, பஸ் சரியாக வராத ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவாள். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவாள். ஒரு நாள்கூட மணி அடித்த பிறகு அவர்கள் பள்ளிக்குப் போனதில்லை.

நான் பத்தாவது வரை படித்தவன். பாசனப் பிரிவில் லஸ்கர் வேலை. மதகின் சட்டரை ஏற்றி இறக்குவது, வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதுவது. இருபத்திரண்டு வருஷமாக இதுதான். பெரும்பாலும் தனியாகக் கரையில் நடக்கிற வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரிடம் ஊர் பேரைச் சொல்லக்கூட மனைவியைத்தான் முன்னால் விடுவேன்.

வண்டி நின்றுபோனது ஐப்பசியில். இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த காலை. டீச்சர்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். தரைப்பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. உடனே ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். அதற்குள் இன்ஜினில் கடகடவென்று ஒரு சத்தம். பிறகு சாவியைத் திருப்பினால் அசையவே இல்லை. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் உட்கார்ந்திருந்தாள். “நான் ஒண்ணும் பண்ணலைங்க” என்றாள். அவள் அப்படிச் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் சர்வீஸ் நிலையத்துக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி, “வண்டி எப்பவாச்சும் தண்ணில இறங்கியிருக்கா மேடம்?” என்று கேட்டார்.

அங்கேதான் நாங்கள் தப்புச் செய்தோம். எங்கள் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் அப்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்கமாட்டார்கள். “இறங்கியிருக்குங்க. ஆடிப்பெருக்கன்னிக்கு ஆத்துல நிறுத்திப் பூஜை போட்டோம்” என்று இரண்டு பேருமே சந்தோஷமாகச் சொன்னோம். எங்கள் ஊரில் டிராக்டர் வாங்கினாலும் மொபெட் வாங்கினாலும் அந்த வருஷத்துப் புதுத்தண்ணீரில் சக்கரத்தை நனைத்து எடுப்பது பழக்கம். மாடு இறங்குகிற சரிவில் காரின் முன்சக்கரத்தை மட்டும் வெண்ணாற்றில் விட்டு, மஞ்சள் தடவி, பூ வைத்து, சூடம் காட்டினோம். அன்று அங்கே ஏழெட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. இதைக் கேட்டால் அந்தத் தம்பி நம்மை ஒழுங்கான ஆட்கள் என்று நினைப்பார் என்று எனக்கு எண்ணம். அவரும் சிரித்துக்கொண்டே, “நல்லா கும்பிட்டிருக்கீங்க” என்றபடி ஏதோ தட்டினார். ஆயில் விளக்கு எரிந்ததை அவள் மூன்று தடவை சொன்னாள். தாளில் அது இல்லை. வண்டியை ஆற்றில் இறக்கியதாக உரிமையாளரே ஒப்புக்கொண்டார், டிரைவரின் கவனக்குறைவு என்பது மட்டும் இருந்தது; ஆங்கிலம் தெரியாமல் அதில்தான் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் தண்ணீர்க் கறை இருப்பதாக ஒரு போட்டோவும் ஒட்டியிருந்தது. இன்ஜினைத் திறந்து பார்க்கவே இல்லை.

கடிதம் வந்த வாரத்தில் டீக்கடையில் ஒருவர் என் காதில் விழும்படியே, “பொம்பள கையில ஸ்டீயரிங்கக் குடுத்தா, தரைப்பாலத்துல தண்ணி ஓடுதா வெயில் அடிக்குதான்னா பாக்கும்?” என்றார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். டீச்சர்கள் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு வேன்காரர் தன் வண்டிக்கு வரச் சொல்லி அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். “இந்த மாசம் முடியிற வரைக்கும் பாக்கறோம்க்கா” என்று கணக்கு டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மனைவி சரி என்றாள். அன்றைக்கு அவள் போய்த் தையல் மெஷினைத் திரும்பக் கேட்டதைத் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் போட்டோவை நான் அதற்குள் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பதினோராவது தடவைதான் கறையின் நிறம் கண்ணில் பட்டது. அது வெள்ளையாக இருந்தது.

ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பிறகும், எந்தச் சுவரில் எதுவரை தண்ணீர் நின்றது என்று காட்ட இன்ஜினீயர்கள் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆற்றுத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், வயல் தண்ணீர் எதுவானாலும் விட்டுப்போவது வண்டல். காய்ந்தால் செம்பழுப்பாக ஒரு கோடு. கையால் தேய்த்தால் மாவாக உதிரும். வெள்ளையாக உப்புப் பூத்து நிற்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நகத்தால் சுரண்டினாலும் சீக்கிரம் வராது. போட்டோவில் இருந்தது போர்த் தண்ணீர்.

மனைவியிடம் சொன்னேன். போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அப்ப அவங்க கழுவுன தண்ணியா?”

“முதல் சர்வீஸுக்கு விட்டப்ப கழுவிக் குடுத்தாங்கல்ல. அதாத்தான் இருக்கணும்.”

“நாளைக்கே போயி சொல்லுங்க.”

“நான் உனக்கு வெவரமா சொல்லித் தரேன். நீ சொல்லு.”

“நான் என்ன சொன்னாலும், ஓட்டுனவ அப்படித்தான் சொல்லுவான்னுதான் நெனைப்பாங்க. கறையப் பாத்தது யாரு? நீங்கதான் சொல்லணும்.”

இரண்டு நாள் கரையில் நடக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். எதிரே எருமை ஓட்டி வந்தவர், “போன்லயாண்ணே பேசறீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். என் அதிகாரியிடம் கேட்டு, என் நோட்டில் வண்டி நின்ற அன்றைய பக்கத்தை நகல் எடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன். மழைக்காக முதல் நாளே நான் சட்டரை இறக்கியிருந்தேன். அன்று காலை ஆறு மணிக்கு வாய்க்காலில் தண்ணீர், தரைப்பாலத்துக்கு ஒன்றரை அடி கீழே. என் கையெழுத்தில் இருந்தது.

சர்வீஸ் நிலையத்து மேனேஜர் அந்தத் தாளை ஒரு விரலால் என் பக்கமே தள்ளினார்.

“சார், வாய்க்கா கணக்கெல்லாம் இங்க எதுக்கு? நீங்க என்ன மெக்கானிக்கா?”

“இல்லைங்க. லஸ்கர்.”

“அப்படின்னா?”

“தண்ணி பாக்கறவன்.”

கம்ப்யூட்டர் தம்பி குனிந்து சிரித்தார். கரையில் பழகிய ஒரு சொல்லும் நினைவில் இல்லை. மனைவி எனக்கு உதவிக்கு வரவில்லை. வேண்டுமென்றே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், “வண்டிகிட்ட வாங்க, காட்டறேன்” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

கையில் வேலை இருந்தால் எனக்குக் கூச்சம் குறையும். செல்போன் விளக்கை அடித்து முன்சக்கரத்துக்கு உள்பக்கம் காட்டினேன். கழுவும் குழாய் எட்டாத இடுக்கில், சக்கரத்தின் பாதி உயரத்துக்குச் செம்பழுப்புக் கோடு மெலிதாக ஓடியது. விரலால் தேய்த்து மேனேஜரிடம் நீட்டினேன்.

“இது வெண்ணாத்து வண்டல். ஆடிப்பெருக்கன்னிக்குத் தண்ணி நின்ன எடம் இதுதாங்க. இதுக்கு மேல ஏறலை. இப்பக் கதவத் தொறங்க. மிதியடிக்குக் கீழ பாருங்க, வண்டல் இருக்கா?”

இல்லை. பிறகு வடிகட்டிப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அது சீட்டைவிட உயரத்தில் இருந்தது. “ஆத்துத் தண்ணி இதுவரைக்கும் ஏறியிருந்தா சீட்டு மொதல்ல நனைஞ்சிருக்கணும். இந்தக் கறை வெள்ளையா இருக்கு. இந்த மாதிரி கறை இங்கயே ஒரு எடத்துல இருக்கு, வாங்க” என்று வண்டி கழுவும் கொட்டகைக்கு நடந்தேன். அவர்கள் பின்னால் வந்தார்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். கையோடு கொண்டுவந்த பெட்டி மூடியிலும் சுரண்டினேன். இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்திவிட்டு, “இந்தப் போர்த் தண்ணில குளிச்சா எங்க தலையே இப்படித்தான் சார் ஆகுது” என்றார். மேனேஜர் அவரை முறைத்தார்.

“இன்ஜினத் தொறந்து பாருங்க சார். எங்க எதிர்லயே தொறங்க. உள்ள தண்ணி போயிருந்தா அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“தொறந்து உங்க தப்புன்னு வந்தா அந்தச் செலவும் உங்களுதுதான்.”

“தொறங்க” என்றாள் மனைவி, நான் வாயெடுப்பதற்கு முன்னால்.

அடுத்த வாரம் கம்பெனி இன்ஜினீயர் ஒருவர் திருச்சியிலிருந்து வந்தார். அதிகம் பேசாதவர், எனக்குப் பிடித்துப்போனது. காலையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்திருக்கும் என்று எங்களுக்கு விளக்கினார். நான்கு தண்டுகளையும் தட்டையான இரும்புப் பலகையில் உருட்டிக் காட்டினார். நான்கும் நேராக இருந்தன. ஆயில் பம்பைப் பிரித்தபோது உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்து கிடந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பம்பே சரியில்லாம வந்திருக்கு” என்றார். பிறகு என் மனைவியிடம், “ரெட் லைட் எரிஞ்ச பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?” என்று கேட்டார்.

“ஓட்டவே இல்லைங்க. அங்கயே நிறுத்திட்டேன்.”

“பாத்தாலே தெரியுது. வேற யாராயிருந்தாலும் வீடு வரைக்கும் போயிருப்பாங்க.”

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கண் கலங்கியிருக்கும். அத்தனை பேர் நின்றார்கள்.

புது இன்ஜின் வந்து மாட்டி முடிக்க இன்னும் கொஞ்ச நாளாயிற்று. வண்டியை எடுக்கப் போன அன்று மேனேஜர் சாவியை நீட்டி, கையெழுத்துக்குத் தாளையும் வைத்தார். மனைவி பேனாவை எடுத்தாள்.

“இரு” என்றேன். “சார், பழைய தாள்ல டிரைவர் கவனக்குறைவுன்னு ஒரு வரி இருக்கு. அதை அடிச்சுக் குடுங்க.”

“அதான் புது இன்ஜினே போட்டுக் குடுத்துட்டோமே சார்.”

“அது வண்டிக்கு. இது இவங்களுக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சாவியை வாங்காமல் நின்றேன். மேனேஜர் பழைய தாளை எடுத்துவரச் சொல்லி, அந்த வரியை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு முத்திரையும் வைத்தார். மனைவி அதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

தஞ்சாவூரைத் தாண்டினோம். கதிர் பால் பிடித்திருந்த சம்பா வயல்கள் இரண்டு பக்கமும் வந்த பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, “இவ்வளவு பேசறவரு இருபத்தஞ்சு வருஷமா வாய எங்க வச்சிருந்தீங்க?” என்றாள்.

“நீ பேச விட்டியா?” என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் வண்டி லேசாக ஆடியது, உடனே நேராக்கிக்கொண்டாள். வழியில் நிறுத்தி, கணக்கு டீச்சருக்குப் போன் போட்டு, “நாளைக்கு ஏழே காலுக்கு வந்துருவேன், பஸ்ஸுக்குப் போயிராதீங்க” என்றாள். அந்தப் பக்கம் மற்ற மூன்று பேரையும் கூப்பிடும் சத்தம் எனக்கே கேட்டது.