தயாளினி பூட்டிய பம்ப்

நாற்பது வயது தாண்டும்வரை தயாளினிக்கு நீந்தத் தெரியாது. உடுவிலில் யாருக்குத்தான் தெரியும்? கடல் வல்வெட்டித்துறைக்காரருக்கு, உடுவிலாருக்குக் கிணறு. அதற்குள் விழாமல் இருந்தாலே போதும் என்று வளர்ந்தவள் அவள். இப்போது சனிக்கிழமை விடிந்தால் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தபடி எழும்புகிறாள் என்றால், அதற்குக் காரணம் அண்ணன் சிவகரன் கட்டிய நீச்சல் குளம்தான்.

சிவகரன் கனடாவிலிருந்து வந்தார், வீட்டைக் கட்டினார், பின்வளவில் குளத்தையும் கட்டினார், இரண்டு தரம் இறங்கிக் குளித்துவிட்டுத் திரும்பப் பறந்துவிட்டார். வீட்டுத் திறப்புக் கொத்தும் குளமும் தங்கையின் தலையில். அவளும் அதைப் பெரிய தண்ணீர்த்தொட்டி என்றே நினைத்து, இலை அள்ளி, மருந்து போட்டு, தண்ணீரைச் சுத்தமாக்கும் பம்பைப் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மார்கிரட் வந்துதான் அதைக் கெடுத்தது. மார்கிரட் இளைப்பாறிய தாதி. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் வாவியில் நீந்திப் பழகியவர். ஒரு நாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, இவ்வளவு தண்ணியையும் தவளைக்கோ வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். அடுத்த கிழமை இருவரும் தண்ணீருக்குள் நின்றார்கள்.

பிறகு அயலட்டைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் குளம் பெண்களுக்கு என்றாகிவிட்டது. அடுப்பும் வெங்காயத் தோட்டமும் பிள்ளைகளின் ரியூசனும் படலைக்கு வெளியே நின்றுவிடும். தயாளினிக்கு மிதக்க வந்துவிட்டது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே மூச்சில் போவதுதான் வரவில்லை. பாதி வழியில் பயம் பிடித்துக் காலை ஊன்றிவிடுவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பம்ப் ஒழுகத் தொடங்கியது.

முதலில் மோட்டருக்கடியில் ஒரு ஈரம். அடுத்த நாள் சொட்டு. தயாளினியின் கணவன் றமேஸ் வெங்காயச் செய்கைக்காரன், தோட்டத்து இறைப்பு மெஷினோடு பழகிய கை. குந்தியிருந்து பார்த்துவிட்டு, "இதுக்கேன் பயப்பிடுறீர்? சொட்டினால்தானப்பா நல்லம். தோட்டத்து மெஷின் சொட்டாட்டித்தான் சூடேறும்" என்றான்.

"இது தோட்டத்து மெஷின் இல்லையப்பா."

"எல்லாம் தண்ணி இறைக்கிற சாமான்தானே." பழைய சைக்கிள் ரியூப்பை நாடா நாடாவாகக் கிழித்து, அடிபட்ட காலுக்குப் பத்துக் கட்டுவதுபோல் பம்பைச் சுற்றிக் கட்டினான். தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மோட்டர்ப் பக்கமாய்த் திரும்பியது. அன்று மத்தியானம் ட்ரிப் சுவிச் விழுந்து, குளிர்சாதனப் பெட்டியும் நின்று, வாங்கி வைத்த மீன் பழுதாய்ப் போனது.

அன்றிரவு சிவகரன் தொலைபேசியில் வந்தார். "தங்கச்சி, உது பெரிய கரைச்சல். கொழும்பிலையிருந்து ஆள் வர மாதக்கணக்காகும். அதுக்கிடையிலை பாசி பிடிச்சு நுளம்பு பெருகிடும். ஞாயிறு வரைக்கும் பார். சரிவரேல்லையெண்டால் தண்ணியை இறைச்சுப்போட்டு மண்ணைக் கொட்டி மூடு. ரோசாக்கண்டு வைப்பம்."

"நான் திருத்துறன் அண்ணை."

"நீயோ?" சிவகரன் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. ஆனாலும் அவளுக்கு அது காதுக்குள்ளேயே நின்றது. ரோசாக்கண்டு. அயலட்டைப் பெண்கள் மாலையில் கூடிநின்று ரோசாவைப் பார்க்கவா போகிறார்கள்?

அடுத்த நாளே கைத்தொலைபேசியைப் பூவரச மரத்துக் கொப்பில் சாய்த்து வைத்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் திருத்தத் தொடங்கினாள். மின்சாரத்தை நிறுத்தினாள். இரண்டு பக்கத்து வால்வையும் மூடினாள். ரியூப் கட்டுகளை அறுத்தெறிந்து, ஆணிகளைக் கழற்றி, மோட்டரைப் பின்னால் இழுத்தாள். தண்ணீரைத் தள்ளும் விசிறிக்குப் பின்னால் இருந்தது வில்லங்கம். சீல் என்கிற சின்னச் சாமான். ஒரு பாதி வெள்ளைப் பீங்கான் வளையம், மறு பாதி சுருள்வில்லோடு ஒரு கறுப்பு வளையம். இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டிச் சுழன்றால் தண்ணீர் கசியாது. பீங்கான் நடுவால் வெடித்திருந்தது.

வெடித்ததைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு யாழ்ப்பாணம் போனாள். ஸ்ரான்லி வீதியில் ஏறிய முதல் கடையில் கைவிரித்தார்கள். அடுத்த கடைக்காரர் பெட்டிகளைக் கிளறி, அதே அளவில் ஒன்றை எடுத்துத் தந்துவிட்டு, "ஆர் பூட்டுறது? அவரை ஒருக்கா வரச்சொல்லுங்கோ, சொல்லிவிடுறன்" என்றார்.

"அவர் வந்துதான் நிக்கிறார். சொல்லுங்கோ" என்றாள் தயாளினி.

கடைக்காரர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளை வளையத்தின்ரை மினுங்குற பக்கம் வெளியிலை பாக்கவேணும். அதிலை விரல்கூடப் படக்கூடாது, அக்கா. எண்ணெய், தூசி, ஒண்டும்."

சனிக்கிழமை காலை புதுச் சீலைத் தட்டத்தில் வைத்தாள். கைகழுவிவிட்டு வந்து, துணியால் பிடித்து, மினுங்குகிற பக்கம் வெளியே பார்க்க, மெதுவாய் அழுத்தி இருத்தினாள். பிரசவம் பார்க்கிறவள்கூட அவ்வளவு கவனம் எடுத்திருக்க மாட்டாள். விசிறியைப் பூட்டி, ஆணிகளை இறுக்கி, தண்ணீர் வார்த்து, வால்வுகளைத் திறந்து, சுவிச்சைப் போட்டாள்.

பம்ப் உறுமியது. அடியில் சொட்டு இல்லை. ஓடை.

தயாளினி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். மதிலுக்கு மேலால் மார்கிரட்டின் தலை தெரிந்தது. "என்ன பிள்ளை, குளம் இஞ்சாலை வருகுதோ?"

"எல்லாம் சரியாத்தான் செய்தனான், அக்கா."

"அப்ப திரும்பக் கழட்டிப் பார். ஆளை மூடித் தைச்ச பிறகும் கத்தரிக்கோலைத் தேடித் திரும்பத் திறந்தவையை நான் கண்டிருக்கிறன்."

திரும்பக் கழற்றினாள். சீல் உடையவில்லை. ஆனால் கறுப்பு வளையத்தில் சாம்பல் நிறத்தில் சேறுபோல் ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டாள். மா மாதிரி. மூக்கில் வைத்தாள். இந்த வாசம் அவளுக்குத் தெரியும். மெதுவாய்த் திரும்பிப் பின்னால் நின்ற கணவனைப் பார்த்தாள். றமேஸின் நெற்றியில் மூன்று குறி பளிச்சென்று இருந்தது.

"நீங்களோ?"

றமேஸ் பூவரச மரத்தைப் பார்த்தான்.

"இஞ்சருங்கோ, உங்களைத்தான் கேக்கிறன்."

"புதுச் சாமானெல்லோ" என்றான் றமேஸ். "நீர் கைகழுவப் போகேக்கை சும்மா ஒரு தொடுகை. பிள்ளையாரை நினைச்சுத்தான். ட்ரக்ரருக்கும் பூசினனான், உம்மடை கிரைண்டருக்கும் பூசினனான். அதெல்லாம் ஓடேல்லையோ?"

வெள்ளைப் பீங்கானில் வெள்ளைத் திருநீறு. எந்தக் கண்ணுக்குத் தெரியும்? தயாளினிக்குக் கோபம்தான் வரப் பார்த்தது. ஆனால் மதிலுக்கு அப்பால் மார்கிரட்டுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. "தம்பி, நல்ல காலம். தேங்காய் உடைக்கேல்லை" என்றார். பிறகு கோபத்துக்கு எங்கே இடம்? தயாளினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். றமேஸும் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

இரண்டு வளையங்களையும் நல்ல தண்ணீரில் கழுவி, தோய்த்துக் காய்ந்த பழைய வேட்டித் துண்டால் ஒற்றி எடுத்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. மறுபடி பூட்டினாள். கடைசி ஆணியை இறுக்கியதும், தட்டத்துக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற கணவனைப் பார்த்தாள்.

"பூசுறதெண்டால் இப்ப பூசுங்கோ. வெளியாலை."

றமேஸ் ஓடிப்போய்த் திருநீற்று ஓலைக் குட்டானைக் கொண்டுவந்து, மோட்டரின் முதுகில் பட்டையாய் மூன்று குறி இழுத்தான். தயாளினி சுவிச்சைப் போட்டாள். பம்ப் ஒரு தரம் செருமி, பிறகு ஒரே சுருதியில் பாடத் தொடங்கியது. தயாளினி மோட்டருக்கடியில் கையை நீட்டினாள். காய்ந்த நிலம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மீண்டும் கையை நீட்டினாள். காய்ந்த நிலம்தான்.

பின்னேரம் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. தயாளினி சுவரை உதைத்துக்கொண்டு புறப்பட்டாள். வழக்கமாய்க் கால் ஊன்றுகிற இடம் வந்தது. பம்பின் சத்தம் தண்ணீருக்குள்ளாலும் கேட்டது. அவள் காலை ஊன்றவில்லை.

குளக்கரைக் கதிரையில் அவளுடைய தொலைபேசி அடித்தது. மார்கிரட் எடுத்தார்.

"ஓம், சிவகரன் தம்பி. மார்கிரட் கதைக்கிறன். பம்போ? அது அப்பவே சரி. தங்கச்சியோ? அவ இப்ப கதைக்கேலாது, தம்பி. நடுத் தண்ணியிலை போய்க்கொண்டிருக்கிறா. அங்காலைக் கரையிலை ஏறின பிறகு எடுங்கோ."