உப்பில் தோற்ற மருந்து

மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கிய அத்தையின் கைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களுக்குக் கால் வெடிப்பு புதிதல்ல. சீழ் பிடித்த அத்தையின் காலுக்கு ஆஸ்பத்திரியில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். கூட வேலை செய்தவர்களுக்கும் புண் இருக்கும்போது தான் மட்டும் விழுங்க அவளுக்கு மனம் வரவில்லை. "ஆளுக்கு ரெண்டு போட்டுக்கங்கடி. எல்லார் காலும் கால்தானே" என்றாள். ஓரவஞ்சனை அறியாத மனசு. விடுமுறைக்கு வேலைக்குப் போயிருந்த நானும் கை நீட்டி வாங்கினேன். எப்போது மாத்திரை கிடைத்தாலும் அப்படித்தான் பங்கு போட்டாள். அரைகுறை மருந்தில் தப்பும் கிருமி பிறகு அந்த மருந்துக்கே அடங்காமல் போகும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும், அவளிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகளைச் செயற்கையாகச் செய்வது எங்கள் வேலை. புரதத்தின் சிறு துண்டுகள் போன்றவை அவை. கிருமியின் மேலுறையிலேயே ஓட்டை போட்டுவிடும். நான் செய்த ஒன்று கண்ணாடித் தட்டில் கிருமிகளை வெளுத்து வாங்கியது. கொஞ்சம் உப்பு சேர்த்ததும் படுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அத்தையின் புண் எலும்பு வரை போனது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து ஒன்றுகூடக் கேட்கவில்லை. "உன் மருந்தக் கொண்டாம்மா, போட்டுப் பாக்கலாம்" என்றாள். மனிதர்களுக்குக் கொடுக்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை, உப்பு பட்டாலே வலுவிழந்துவிடுகிறது என்றேன். சிரித்தாள்.

"உப்புக்குப் பயப்படற மருந்தா? அப்ப அது நம்ம ஊருக்கு வராது."

மறுநாள் அவள் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் மறுத்தது சரிதான். ஆனாலும் அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

பெப்டைடின் அமைப்பை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். போன வாரம் ஒன்று உப்புநீரிலும் கிருமியைக் கொன்றது. அழுதுகொண்டே அத்தைக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒத்தக் கால்லயே ஊனி நிக்கிறேன் இல்ல, இதுலயும் வெடிப்பு விட்டிருக்குது. சீக்கிரம் கொண்டாம்மா."

எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வர்றேன் அத்த" என்று மட்டும் சொன்னேன்.