பூங்காவில் தங்கிவிட்ட மச்சாள்

தை மாதத்து நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு மார்கிரட் என் கதவைத் தட்டி, வெறும் பிளாஸ்டிக் போத்தல்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். தண்ணீர் அடைத்து விற்கும் பெரிய போத்தல்கள், வெளிச்சம் ஊடுருவக்கூடியவையாக வேண்டுமாம். யன்னலுக்கு வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிக் கிடந்தது. எதற்கு என்று கேட்டேன். "விதை போட" என்றாள். வழக்கம்போல என் ஆங்கிலம்தான் பிழையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போத்தல்களை ஒரு பையில் போட்டு, பிறகு சந்தேகம் தீராமல் தடித்த மேலங்கியையும் மாட்டிக்கொண்டு அவளோடு புறப்பட்டேன். ரொறன்ரோவில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடிக்குப் பின்னால் நகரசபையின் பூங்கா ஒன்று இருக்கிறது. அதன் ஒரு மூலையைக் குடியிருப்பாளர்கள் தோட்டம் செய்வதற்கென்று விட்டிருக்கிறார்கள். அங்கே பத்துப் பதினைந்து பேர் மூக்குச் சிவக்க நின்று, போத்தல்களை நடுவில் அறுத்து, அடியில் மண் நிரப்பி, விதை தூவி, மேல் பாதியை மீண்டும் ஒட்டி, மூடியைக் கழற்றிவிட்டுப் பனிக்குள் வரிசையாகப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. பனிக்குள்தான் விதைத்தார்கள்.

இந்த நாட்டில் குளிர்காலம் என்றால் மண் இரும்புபோல இறுகிவிடும். அலவாங்கு போட்டாலும் இறங்காது. ஆனாலும் இவர்கள் சனிக்கிழமைகளில் வந்துவிடுகிறார்கள். நடைபாதையில் பனி வழிப்பார்கள். இலையுதிர் காலத்தில் நட்ட வெள்ளைப்பூண்டுப் பாத்திகளின் மேல் வைக்கோல் விலகியிருந்தால் இழுத்து மூடுவார்கள். குருவிகளுக்குத் தீனி தொங்கவிடுவார்கள். பிறகு பூங்கா மண்டபத்துக்குள் போய்க் கோப்பி குடித்துக்கொண்டு, வரப்போகும் கோடையில் யார் எந்தப் பாத்தியில் எதை நடுவது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். எங்கள் ஊரில் குளிர் என்றால் அது மாரி. மழை விடாமல் அடித்து, மட்டக்களப்பு வாவி கரைமீறி, தவளைகள் வீட்டுக்குள் வந்து இருந்துகொள்ளும் காலம். அங்கே மாரியில் மண் திறந்து கிடக்கும், விதைக்கிறவனுக்குப் படுக்கவும் நேரம் இருக்காது. மூடிக் கிடக்கும் மண்ணைச் சுற்றி நின்று வேலை செய்யும் இந்த மனிதர்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மச்சாள் பூமணியின் நினைவுதான் வந்தது.

பூமணி மச்சாள் என் தவம் அண்ணனின் மனைவி. எங்கள் பகுதி வழக்கப்படி அண்ணன் கல்யாணம் முடித்து அவளுடைய வீட்டுக்குப் போனார். வாவியின் மேற்குக் கரையில், பழுகாமத்தில், அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த ஓட்டு வீடு அது. சண்டை எங்கள் பக்கம் வந்தபோது ஊரே பட்டிருப்புப் பாலத்தால் இக்கரைக்கு ஓடிவந்தது. களுவாஞ்சிக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை இருக்கவிட்டார்கள். ஒரு வகுப்பறையில் நாலைந்து குடும்பம், நடுவில் சேலை கட்டி மறைப்பு. அக்கரையில் வயல் வட்டைகளெல்லாம் விதைப்பில்லாமல் கிடக்க, வெள்ளாமைக்காரர் இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிவாரண அரிசி லொறிக்காகக் காத்திருந்தார்கள். அரிசி வந்தது, பருப்பும் சில நாள் வந்தது. பச்சையாக எதுவும் வரவில்லை. பிள்ளைகளுக்கு வாயோரம் வெடித்துப் புண் வந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சிறுவர் பூங்கா ஒன்று இருந்தது. சங்கிலி அறுந்த ஊஞ்சல்கள், துருப்பிடித்த சறுக்கி, தண்ணீர் வராத ஒரு நீர்த்தொட்டி. சண்டைக்குப் பிறகு அங்கே யாரும் விளையாடப் போவதில்லை. முதல் மழை விழுந்த மறுநாள் மச்சாள் யாரிடமோ ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கி, ஊஞ்சலுக்குக் கீழே கொத்தத் தொடங்கினாள். பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்த வேலுப்பிள்ளை அண்ணன் குடையும் கையுமாக ஓடிவந்தார்.

"என்ன புள்ள செய்றாய்? இது பொதுக் காணி. சபைக்காரர் கண்டா என்ர வேலை போயிரும்."

"நாங்களும் பொதுச்சனந்தானே அண்ணன்" என்றாள் மச்சாள், கொத்துவதை நிறுத்தாமல். "பொதுச்சனம் பொதுக் காணியில கீரை போட்டா ஆருக்கு நட்டம்?"

அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு குனிந்து மண்ணைப் பார்த்தார். பிறகு, "தண்ணி நிக்கும் அதில. பாத்தியை உசத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் தன் வீட்டிலிருந்து கத்தரிக் கன்றுகள் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். அதன்பிறகு அது மச்சாளின் தோட்டமாக இருக்கவில்லை, எல்லாரும் இறங்கிவிட்டோம். வகுப்பறைக்கு ஒரு பாத்தி என்று பிரித்தோம். பொது அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து பூச்சிக்குத் தூவினோம். ஊஞ்சல் கம்பங்களில் பயற்றங்கொடி ஏறியது, சறுக்கியில் பூசணி படர்ந்தது. வேலை கிடைத்ததும் ஆண்கள் சத்தமாகப் பேசத் தொடங்கினார்கள். அந்த முகாமில் நான் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தப் பூங்காவில்தான்.

அங்கிருந்துதான் என் தவம் அண்ணனைக் கொண்டுபோனார்கள். ஒரு நாள் காலை ஆமிக்காரர் சுற்றிவளைத்து, ஆண்களை வரிசையில் நிறுத்தினார்கள். தலையை மூடிய ஒருவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்து, அண்ணனுக்கு நேரே நின்று தலையாட்டினான். அண்ணன் அப்போதுதான் பாத்தி வெட்டிவிட்டு நின்றார், முழங்கால் வரை சேறு. வண்டியில் ஏறும்போது அவர் திரும்பிப் பார்க்க, மச்சாள் பூங்கா வேலியைப் பிடித்துக்கொண்டு, "நான் இஞ்சதான் நிப்பன், இஞ்ச வாங்க" என்று கத்தினாள். அவருக்குக் கேட்டதோ தெரியாது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. மச்சாள் ஏறி இறங்காத வாசல் இல்லை. எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்றே சொன்னார்கள்.

மாசி மாதம் போத்தல்களுக்குள் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்கப் போன ஒரு சனிக்கிழமை, பூங்கா மண்டபத்தில் ஆளுக்கொரு கதை சொல்லவேண்டும் என்றார்கள். உங்கள் நாட்டுத் தோட்டத்தைப் பற்றிச் சொல் என்று மார்கிரட் என்னைத் தள்ளிவிட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நாங்கள் காம்ப் ஒன்றில் இருந்தோம், அருகில் ஒரு பூங்கா, மழைகாலத்தில் எல்லாரும் சேர்ந்து அங்கே தோட்டம் போட்டோம், ஊஞ்சலில் பயற்றங்காய் காய்த்தது என்று சொன்னேன். முகங்களெல்லாம் மலர்ந்தன. பிள்ளைகளுக்கு அந்தக் காம்ப் பிடித்திருந்ததா என்று ஒரு முதியவர் கேட்டார். தன் மகன்களையும் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் விளையாடிப் பொழுதுபோக்க ஏரிக்கரைக் காம்புக்கு அனுப்புவதாகவும், முதல் நாளே வீட்டுக்கு வரவேண்டும் என்று அழுவார்கள் என்றும் மார்கிரட் சொன்னாள்.

"எங்கள் பிள்ளைகளும் வீட்டுக்குப் போகவேண்டும் என்றுதான் அழுதார்கள்" என்றேன்.

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. சில கிழமைகள் கழித்து மார்கிரட் தொலைக்காட்சியில் எங்கள் நாட்டைப் பற்றி ஏதோ பார்த்திருக்கிறாள். துணி துவைக்கும் அறையில் என்னைக் கண்டதும், "அந்தக் காம்பா?" என்று கேட்டாள். ஓம் என்று தலையசைத்தேன். அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லவள். ஆனால் அன்றிலிருந்து என்னோடு மெதுவாகப் பேசத் தொடங்கிவிட்டாள், நோயாளியோடு பேசுவதுபோல. பனி வழிக்கும் சவளை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். ஒன்றும் தெரியாமல் சிரித்த மார்கிரட்டை நான் இழந்துவிட்டேன். அவளோடு இருந்தபோது நானும் சாதாரணமாகத் தோட்டம் செய்ய வந்த ஒருத்தியாக இருந்தேன்.

அண்ணனைக் கொண்டுபோன அந்த மாரி முடிகிற நேரத்தில் எங்களை ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள். பாதை திறந்துவிட்டது, பள்ளிக்கூடம் தொடங்கவேண்டும். பயற்றங்காய் பிஞ்சு பிடித்திருந்தது, கத்தரி அப்போதுதான் பூத்தது. சனம் பிடுங்க முடிந்ததைப் பிடுங்கிக்கொண்டு உழவு மெசின்களில் ஏறியது. மச்சாள் ஏறவில்லை. அவளுடைய தாய் அழுதாள், நான் கையைப் பிடித்து இழுத்தேன். "நான் இஞ்ச நிப்பன் எண்டு சொல்லிப்போட்டன் புள்ள. அவர் வந்து பாத்திட்டு, நான் இல்லாட்டி எங்க போவார்?" என்றாள். பழுகாமத்துக்கு அவருக்கு வழி தெரியாதா என்று கேட்டேன். அவள் திரும்பிப் பாத்திக்குள் இறங்கிவிட்டாள். பூங்காவின் சாமான் அறையில் அவள் இருந்துகொள்ள வேலுப்பிள்ளை அண்ணன் இடம் கொடுத்தார். அதற்கடுத்த ஆண்டு நான் வெளிநாட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் பகுதியிலிருந்து வந்த பலரையும்போல, இரண்டு வருடம் உழைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன், வருடங்கள் பல போய்விட்டன.

மாதத்தில் ஒரு ஞாயிறு களுவாஞ்சிக்குடிக் கடையொன்றுக்குத் தொலைபேசியில் அழைப்பேன், மச்சாள் வந்து காத்திருப்பாள். இங்கே பனிக்குள் விதைத்த அடுத்த ஞாயிறு, அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று போத்தல் கதையைச் சொன்னேன்.

"என்னகா, அவங்களுக்குப் பைத்தியமா?" என்று சிரித்தாள். "பனிக்குள்ள கிடந்தா விதை செத்திராதா?"

"சாகாதாம் மச்சாள். உறங்கிக் கிடந்திட்டு, பனி கரைய முளைக்குமாம். சில விதைக்குக் குளிர் பட்டாத்தான் முளையே வருமாம்."

கடைக்காரரின் வானொலிச் சத்தத்துக்கு மேலால் அவளுடைய குரல் வந்தது.

"அப்ப, எத்தின வரிசம் கிடந்தாலும் சாகாதா?" என்றாள்.

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். "தெரியாது மச்சாள்" என்றேன். அந்தக் கதையைச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், "முளைச்சிட்டா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். சித்திரையில் முளைத்தன. பூங்காவில் எல்லாரும் சின்னப் பிள்ளைகளைப்போலத் துள்ளினார்கள். அவளிடம் சொன்னபோது, "அப்பிடியா" என்று மிக மெதுவாகச் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை.

சண்டை நின்று, பேச்சுவார்த்தை தொடங்கிப் பாதைகள் திறந்த அந்த வருட மார்கழியில் ஊருக்குப் போனேன். பழுகாமத்தில், மச்சாளின் வீட்டில்தான் தங்கினேன். அவளுடைய தங்கை குடும்பம் அங்கே இருந்தது. மறுநாள் பஸ் ஏறிக் களுவாஞ்சிக்குடிக்குப் போனபோது பூங்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஊஞ்சல்களுக்கு நீலப் பூச்சு அடித்திருந்தார்கள். பாத்தி இருந்த இடமெல்லாம் புல்தரை, ஓரத்தில் குரோட்டன் வரிசை, புல்லில் நடக்கவேண்டாம் என்று பலகை. மச்சாள் கையில் ஈர்க்கு விளக்குமாறோடு நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பூங்கா கூட்டும் வேலைக்கு எடுத்திருந்தார்கள். வேலுப்பிள்ளை அண்ணன் செத்துப்போனார் என்றாள்.

"ஒரு பாத்தி கீரையாவது போடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"விடமாட்டாங்க. பூங்கா எண்டா வடிவா இரிக்கோணுமாம்." அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் இருக்கவில்லை. "புள்ளைகள் விளையாடுதுகள்தானே. அதுவும் நல்லந்தான்."

ரொறன்ரோவில் நகரசபை தானே காணி கொடுத்து, வேலி போட்டு, தண்ணீரும் கொடுக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சாமான் அறைக்குள் இருந்து தேத்தண்ணி குடித்தோம். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். அவர்கள் தமிழ் பேசுவதில்லை என்பதை மறைத்தேன். கடைசியில், வந்த விசயத்தைச் சொன்னேன்.

"வீட்ட வாங்க மச்சாள். உங்கட வீடு அது. நான் நிண்டு ஓடெல்லாம் மாத்தித் தாறன். பின்வளவில தோட்டம் போடுவம்."

"நீ எத்தின நாளைக்கு நிப்பாய்?"

"மூண்டு கிழமை."

"மறுகா? அதுக்குப் பிறகு?"

கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பின்னேரம் பூங்கா மூடும் நேரம் வந்தது. அவள் விளையாடிக்கொண்டிருந்தவர்களை அனுப்பிவிட்டு, என்னையும் வாசல்வரை கூட்டிவந்து வெளியே விட்டு, கம்பிப் படலையை உள்ளே நின்றபடி பூட்டினாள். மழை தொடங்கியது. கம்பிகளுக்கு ஊடாக என் முகத்தைப் பார்த்து, "என்னகா நடுங்குறாய்? பனி நாட்டில இரிக்கிற ஆளுக்கு இந்த மழை குளிருதா?" என்று சிரித்தாள். தன் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கம்பி இடைவெளியால் நீட்டினாள். நான் வாங்கித் தலையில் போட்டுக்கொண்டேன். "உள்ள போங்க மச்சாள், நனையிறீங்க" என்றேன். "நீ போ, பஸ் வருது" என்றாள். இரண்டு பேரும் அசையவில்லை.

பஸ் வந்து நின்றது. நடத்துநர் "பாலம், பழுகாமம்" என்று கூவினார். ஏறி யன்னலோரம் இருந்து திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பஸ் பாலத்துப் பக்கம் திரும்பியது. அவளுடைய வீட்டுக்கு நான் போய்க்கொண்டிருந்தேன், விருந்தாளியாக.